நான்காம் வார்த்தையும் இரண்டாம் ஷிஃப்டும்

பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி தியானத்தைக் காலைக்கு மாற்றிவிடலாமா என்று எங்கள் சபை இளைஞர்கள் சென்ற வாரம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவது அந்தத் தியானத்தின் முறை. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்துபோக வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு முறை, முதல் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்குச் சாயந்தரம் ஒரு முறை என்று வைத்தால் எல்லோரும் முழுதாகக் கேட்கலாமே என்றார்கள். நல்ல யோசனைதான். “உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?” என்று ஒருவர் கேட்டார். வாயால் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஆண்டும் தேதியும் இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை. இங்கே ஓர் ஆண்டை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி முதலில் கண்ணில் பட்ட அறுபத்தொன்றுக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டு முடிவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட குடும்பம் இன்றும் நம்மிடையே இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சுரங்கத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருகு சாவி பிடிக்கவும், மீட்டர் பார்க்கவும், கொதிக்கும் பேரிங்கைப் புறங்கையால் தொட்டுச் சூடு சொல்லவும் கற்றேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பம்புகள்தான். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் சும்மா கிடக்கவில்லை, மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கப் பாரம் குறைகிறது. சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைகளில் பம்புகள் ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் நிற்கும். ஆகவே எங்கள் பிரிவுக்குத் தீபாவளியும் கிடையாது, பெரிய வெள்ளியும் கிடையாது.

இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் தகப்பனார் உபதேசியார். சபை ஆண்டின் காலங்களை அவர் எனக்குப் பீடத்துணியின் நிறங்களைக் கொண்டு கற்பித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமான அட்வெந்துக்கும், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, அதற்குப் பின் மாதக்கணக்கில் பச்சை. நெய்வேலியில் எங்களுக்குக் கோயில் கிடையாது. ஒரு தொடக்கப் பள்ளியின் நீள வகுப்பறையை ஞாயிறுகளில் விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் மேசைதான் பீடம். எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள், ஆளுக்கொரு வழக்கம். தெற்கிலிருந்து வந்த சிலர் லெந்து என்ற ஒன்றை அனுசரித்ததே இல்லை. முதல் குருத்தோலை ஞாயிறன்று, டவுன்ஷிப்பில் நட்ட மரங்கள் முழங்கால் உயரம்கூட வளரவில்லை என்பதால், காடாம்புலியூர்ப் பக்கமிருந்து ஒருவர் கொண்டுவந்த முந்திரிக் கிளைகளை ஓலைக்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டு பவனி போனோம். பூவும் பிஞ்சுமாக இருந்தன. என் சட்டையில் பால் பட்டுக் கறை விழுந்தது.

அட்வெந்து என்றால் காத்திருப்பு என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அதை நான் உணர்ந்தது நிலக்கரி வெளிப்படுவதற்கு முந்திய ஆண்டுகளில்தான். ஒருவரும் கண்ணால் காணாத ஒன்றுக்காக மண்ணை வெட்டிக்கொண்டேயிருந்தார்கள்; நாங்கள் இறைத்துக்கொண்டேயிருந்தோம். “கரி இருக்குதாம்” என்று பக்கத்து ஊரான கம்மாபுரத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். இருக்கிறது என்று நம்பியவர்களும் சம்பளத்துக்காக வேலை செய்தவர்களும் ஒரே பஸ்ஸில்தான் போனோம்.

என் மேலதிகாரி வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் பொறுப்பு எஞ்சினியர். நெற்றியில் மெல்லிய திருமண், இஸ்திரி குலையாத காக்கிச் சட்டை. குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. லெந்து தொடங்கும்போதே என்னைக் கூப்பிட்டு, “ஞானமுத்து, இந்த வருஷம் உங்க பெரிய வெள்ளி என்னிக்கு?” என்று கேட்பார். பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளுக்குப் பின்வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், ஈஸ்டருக்கு முந்திய வெள்ளி பெரிய வெள்ளி. அநேகமாக அது பங்குனிப் பௌர்ணமி, சில ஆண்டுகளில் சித்திரைக்குத் தள்ளும் என்று ஒருமுறை விளக்கினேன்.

“அப்ப எங்க பங்குனி உத்திரத்த ஒட்டித்தான் வரும்னு சொல்லுங்க. இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே பஞ்சாங்கம் பாத்து டூட்டி போட்டிருப்பேனே” என்றார். ஆனால் ஒரே ஷிஃப்டில் எங்கள் ஆட்கள் எல்லோரையும் விட அவரால் முடியாது. முடியாது என்பதை அவர் மறைத்ததும் இல்லை.

அவருடைய ஒப்படைப்பு முறை பிரசித்தம். ஷிஃப்ட் மாறும்போது போகிறவனும் வருகிறவனும் ஒவ்வொரு பம்பின் பக்கத்திலும் சேர்ந்து நிற்க வேண்டும். போகிறவன் முதலில் கோளாற்றைச் சொல்ல வேண்டும். “எல்லாம் நல்லா ஓடுது சார்” என்று ஆரம்பித்தால், “நல்லா ஓடுறது எனக்கே கேக்குதுப்பா. கெட்டிருக்கறத சொல்லு” என்பார். ஒருமுறை ஒருவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சூடேறிக்கொண்டிருந்த பேரிங்கைச் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த ஷிஃப்டில் அது பிடித்துக்கொண்டு பம்பே நின்றது. மறுநாள் வரதராஜன் சார் அவரைத் திட்டவில்லை. பிரித்துப்போட்ட பம்பின் அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மெக்கானிக்குகள் வேலை முடிக்கும்வரை உட்காரச் சொன்னார். “உனக்குத் தெரிஞ்சிருந்துது. இவங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். அந்த மனிதர் பிறகு ஒருநாளும் மறைக்கவில்லை.

இனி தனராஜைப் பற்றி. கம்மாபுரம் பக்கத்துக் கூலிக் குடும்பம். நிலம் எடுத்தபோது நிலக்காரர்களுக்கு நஷ்டஈடு வந்தது. அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு வேலை போனது. தனராஜ் காண்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, என் கீழ் பம்ப் அட்டெண்டராக வந்தார். மனைவி ரெபேக்காள். ஒரே மகள், இன்னும் பள்ளிக்குப் போகாத வயது. ஞாயிறன்று அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டுதான் ஆராதனைக்கு வருவாள். ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பார்த்ததை, சபைப் பெரியவர் எஸ்ராவைக் காட்டி, “அண்ணாச்சி தூங்குறாரு” என்று உரக்கச் சொல்லியும் விடுவாள்.

அட்வெந்தின் இரண்டாம் வாரத்தில் குழந்தைக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு காய்ச்சல் கண்டது. சில நாட்களில் இறந்துபோனாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் மாலைகளில் கீதம் பாடிக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போவது எங்கள் வழக்கம். சபைக் காரியங்களைக் கவனிக்கும் பஞ்சாயத்தில் மூத்தவர் எஸ்ரா அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், முன்னால் மேளத்தோடு போவார். தனராஜின் குவார்ட்டர்ஸ் வந்தபோது அவர் கையைத் தூக்கினார். இரண்டு வீடு முன்னதாகவே மேளத்தை நிறுத்தி, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கக் கடந்துபோய், இரண்டு வீடு தள்ளி மறுபடியும் ஆரம்பித்தோம். இரக்கத்தில்தான் அப்படிச் செய்தார். எங்கள் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

மறுநாள் பம்ப் பக்கத்தில் தனராஜ் என்னிடம் கேட்டார். “ஏண்ணே, எங்க வூட்டாண்ட வந்து மோளத்த நிறுத்திட்டீங்க?”

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னு...”

“அவ மோளம்னா உசுர உடுவா. நாங்க ரெண்டு பேரும் கதவ தொறந்து வச்சிக்கினு உக்காந்திருந்தோம்.”

அதன் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை. ரெபேக்காள் மட்டும் வந்து பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விடுவார். லெந்து தொடங்கியபோது ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, அவரு இனிமே கோயிலு கொளம் ஒண்ணும் வேணாங்கிறாரு. செவுத்துல இருந்த சிலுவையக்கூட கழட்டி வச்சிட்டாரு. நான் செபம் பண்ணா எழுந்து வெளில போயிடுறாரு. ஒரே வூட்ல இருந்துகினு ரெண்டு பேரும் தனித்தனியா ஆயிட்டோம். நீங்க ஒரு வார்த்த பேசுங்க.”

நான் பேசினேன். வேதத்திலிருந்தும் படித்த புத்தகங்களிலிருந்தும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தனராஜ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “சரிண்ணே” என்றார். அவ்வளவுதான்.

ஏழு வார்த்தைகளைப் பங்கிடும் கூட்டம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வாரம் நடந்தது. எங்கள் குருவானவர் (அந்த நாளில் ஐயர் என்போம்) கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பங்கிடுவதில் ஓர் அரசியல் உண்டு. மன்னிப்பின் முதல் வார்த்தைக்கும், கள்ளனுக்குப் பரதீசு தரும் இரண்டாம் வார்த்தைக்கும் போட்டி இருக்கும். ‘முடிந்தது’ என்னும் ஆறாம் வார்த்தையை எஸ்ரா அண்ணாச்சி யாருக்கும் விட்டதில்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கும் நான்காம் வார்த்தையை எடுக்கத்தான் ஆள் அகப்படாது. நேரமும் அதற்கு வாய்க்காதது. அது முடிகிற சமயத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் எழுந்து போவார்கள். ஐந்தாம் வார்த்தையின்போது பெண்களும் அன்று விடுமுறையான ஜெனரல் ஷிஃப்ட்காரர்களும் மட்டும் இருப்பார்கள். ஆறாம் வார்த்தைக்கு முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் முகம் கழுவிய ஈரத்தோடு உள்ளே வருவார்கள். ஆக ஒரு பாதிச் சபை கேள்வியோடு வேலைக்குப் போகும். மறுபாதி நேராக முடிவுக்கு வந்து உட்காரும். இதைப் பற்றி அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. பஸ்ஸின் வசதி, அவ்வளவுதான்.

அந்த ஆண்டும் நான்காம் வார்த்தைக்கு ஆள் இல்லை என்று மறுநாள் பம்ப் ஹவுஸில் நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். தனராஜ் கிரீஸ் துடைத்துக்கொண்டே, “நா பேசட்டுமாண்ணே?” என்றார்.

ஐயரிடம் சொன்னபோது பட்டியலை என் பக்கம் தள்ளினார். “அவர் பேர எழுதிக்கங்க” என்றார். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீரா வே, ஆடு தானா தொழுவத்துக்கு வருது” என்று என் முதுகில் தட்டினார்.

பெரிய வெள்ளி வந்தது. மேசைமேல் கறுப்புத் துணி. மூன்று வார்த்தைகள் முடிந்தன. தனராஜ் இரண்டாம் ஷிஃப்டுக்கான காக்கி உடையிலேயே எழுந்து வந்தார். இரவுப் பள்ளியில் கற்ற எழுத்து. வசனத்தை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இந்தக் கேள்விய ஆண்டவர் சத்தமா கேட்டாருன்னு போட்டிருக்குதுங்க. பதில் வந்துதுன்னு போடல. நானும் ரொம்ப நாளா கேட்டுக்கினுதான் இருக்கிறேன். எனக்கும் வரல. வந்த மாதிரி உங்ககிட்ட பேச எனக்குத் தெரியாதுங்க.”

வெளியே பஸ் வந்து நின்றது. அவர் வேதப் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். ஆமென் சொல்லவில்லை. பாட்டு தொடங்க வேண்டியவர் தொடங்க மறந்துபோனார். நானும் இரண்டாம் ஷிஃப்ட்தான். எழுந்து பின்னால் போனேன். பெண்கள் பக்கத்தைத் தாண்டும்போது ரெபேக்காள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுதூரம் போனபின், “தப்பாண்ணே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை சபைப் பஞ்சாயத்துக் கூடியது. அண்ணாச்சி கொதித்துக்கொண்டிருந்தார். “இது பிரசங்கமா வே? சனத்த நடுரோட்டுல எறக்கி விட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்டான். ஒரு ஆறுதல் உண்டா, ஒரு ஜெபம் உண்டா? நாளைக்கு ஈஸ்டர். அவன் வந்து சபை முன்னால எந்திரிச்சு, தெரியாம பேசிட்டேன்னு சொல்லணும். இல்லன்னா அவன் பேரச் சபையிலேருந்து எடுத்திரணும்.”

எனக்கு வாதம் செய்து பழக்கமில்லை. ஆனால் அன்று சொன்னேன். “அண்ணாச்சி, எங்க பிரிவுல ஷிஃப்ட் முடிஞ்சு போறவன் கோளாற மொதல்ல சொல்லணும். சரி பண்ணிட்டுத்தான் சொல்லணும்னு இல்ல. அவன் கையில சரியாகாததையும் சொல்லித்தான் ஒப்படைக்கணும். தனராஜ் மறைக்காம ஒப்படைச்சிருக்காரு. வாங்கிக்க வேண்டியது நாமதானே?”

“அது மிஷினு வே. இது விசுவாசம்.”

இருவரும் ஐயரைப் பார்த்தோம். அவர் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். “வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவுல திருச்சபை இந்த நாள வெறுமையா விட்டு வச்சிருக்கு. பீடத்துல ஒண்ணும் வைக்கறதில்ல. நாமெல்லாம் இன்னிக்கு மாவு பிசைஞ்சு, துணி தைச்சு வாங்கி, பண்டிகைக்குத் தயாராயிடறோம். தனராஜுக்கு இந்தச் சனிக்கிழமை மார்கழியிலேருந்து நடக்குது. அத சீக்கிரம் முடிக்கச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. பேர் இருக்கட்டும். யாரும் அவர் வீட்டுக்குப் போய் நாளைக்கு வான்னு கூப்பிடவும் வேணாம்.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வரதராஜன் சார் ஈஸ்டரன்று தனராஜுக்கு விடுப்புப் போட்டிருந்தார்; குழந்தை போனது அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மாலையே தனராஜ் அவர் மேசைக்கு முன் போய் நின்றார். “வேணாங்க சார். நா டூட்டி பாக்குறேன். மத்தவங்கள உட்டுருங்க.” சார் காரணம் கேட்காமல் மாற்றி எழுதினார். அந்த ஈஸ்டருக்கு நான் வெள்ளைச் சட்டையோடு வகுப்பறையில் நின்று அல்லேலூயா பாடினேன் என்றால், என் பம்புகளையும் சேர்த்து தனராஜ் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால்தான். பாடும்போது அது நினைவில் இருந்தது. பாட்டின் சந்தோஷத்தை அது குறைக்கவில்லை; ஆனால் உரக்கப் பாட முடியவில்லை.

பிறகு பரமேறுதல், பெந்தெகொஸ்தே எல்லாம் கடந்தன. பச்சைத் துணி விரித்தார்கள். சபை ஆண்டில் ஏறக்குறைய பாதி இந்தக் காலம்தான். பண்டிகை இல்லை, நோன்பு இல்லை. திரித்துவத்துக்குப் பின் முதலாம் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே போவார்கள். சிறுவயதில் எனக்குப் பிடிக்காத காலம். தகப்பனாரிடம், “இதுல என்னப்பா இருக்கு?” என்று கேட்டிருக்கிறேன். “வளருது” என்பார். என்ன வளருகிறது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பம்ப் வேலையில் ஊறிய பிறகுதான் அந்தக் காலம் எனக்கு நெருக்கமாயிற்று. எங்கள் வேலை முழுவதும் அதுதான். எதுவும் நடக்காமல் இருப்பதற்காக நாள்தோறும் செய்கிற வேலை. நேற்று இறைத்தது இன்றைக்கு உதவாது. விசுவாசத்தில் பெரும்பகுதியும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

தனராஜும் நானும் அந்த மாதங்களில் அதிகம் பேசவில்லை. பம்புகளைப் பற்றிப் பேசினோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

“நாளைக்குக் கோயில்ல என்னா விசேஷம்ணே?”

எத்தனையாவது ஞாயிறு என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். “ஒரு விசேஷமும் இல்ல தனராசு. சும்மா ஞாயித்துக்கிழமை. ஐயர்கூட வர மாட்டாரு. அண்ணாச்சிதான் வாசிப்பாரு.”

“யாரும் என்ன முன்னாடி கூப்ட்டு சாட்சி கீட்சி சொல்லச் சொல்ல மாட்டாங்களே?”

“மாட்டாங்க. மழையில பத்து பேரு வந்தா அதிகம்.”

“அப்டின்னா வர்றன்” என்றார்.

மறுநாள் நல்ல மழை. ஓட்டின்மேல் விழுந்த இரைச்சலில் அண்ணாச்சி வாசித்தது பாதிதான் கேட்டது. வாசிப்பின் நடுவில் தனராஜும் ரெபேக்காளும் ஒரே குடையில் வந்து, வாசலில் குடையை மடக்கினார்கள். அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிடப்போகிறாரே என்று பயந்தேன். அவர் விரலை வரியின்மேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். பிறகு தன் இடத்துக்குப் போகாமல், பின்னால் வந்து தனராஜின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“தள்ளும் வே, நனைஞ்சு கெடக்கீரு” என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். தனராஜ் தலையைத் துவட்டிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பமாயிற்று. தனராஜிடம் புத்தகம் இல்லை. அண்ணாச்சியின் பக்கம் சாய்ந்து, “எத்தினாம் பாட்டுங்க?” என்று கேட்டார். அண்ணாச்சி பக்கத்தை எடுத்துத் தன் புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டு, மனப்பாடமாகப் பாடினார்.